பெரட்டில் இரண்டு நிமிடம்

1. ஒரு கையெழுத்து

புஷ்பராணி வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி தொரை என்னைக் கேட்டபோது, பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். பதவிப் பெயர் எஸ்டேட் மெடிக்கல் அசிஸ்டன்ட். லயத்துச் சனங்களுக்கு நான் மிஸி.

"மாசத்துல பத்து நாள் வர்றதில்ல. வந்தாலும் மலையில பாதியில குந்திக்கிட்டு இளைக்குது. நீங்க ஒரு அன்ஃபிட் லெட்டர் குடுத்தீங்கன்னா செக்ரோல்ல இருந்து பேர எடுத்திரலாம்" என்றார் தொரை. தோட்டத்துக்கே அதிகாரி அவர். வயது முப்பதுகூட இருக்காது. டீ குடிக்கிறீர்களா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

செக்ரோல் என்கிற ஆள் பதிவில் பேர் போனால், தோட்டம் கொடுத்த வீடான லயத்துக் காம்பராவும் போகும். புஷ்பராணிக்குப் புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். இந்தக் கையெழுத்து அவர்கள் மூவரையும் ரோட்டில் நிறுத்தும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒரு வருஷம் டைம் தாங்க சேர். வைத்தியம் பாத்துட்டுச் சொல்றேன்."

"ஆறு மாசம்" என்றார்.

வெளியே வரும்போது எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். டிஸ்பென்சரிக்கு வந்து அவளுடைய பழைய கார்டுகளைப் புரட்டிய பிறகு அந்தக் கோபம் என்மேலேயே திரும்பியது. ஒன்பது வருடம். எல்லாக் கார்டிலும் என் கையெழுத்தில் ஒரே வரி: தடிமன், இளைப்பு, பிரிட்டோன் மாத்திரை மூன்று நாளைக்கு. இடையிடையே ஆன்டிபயாட்டிக். ஒன்பது வருடமாக ஒருத்திக்கு ஒரே வியாதி வந்துகொண்டிருக்கிறதே, ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

2. பனியின் தலையில் பழி

மலையில் யாருக்கு மூக்கொழுகினாலும் பழி பனியின் தலையில்தான். "பனி ஒத்துக்கல மிஸி" என்று அவர்கள் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன். புஷ்பராணியைக் கண்டிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒவ்வாமை கிளினிக் நடத்தும் டாக்டர்தான் முதன்முதலில் கேள்வி கேட்டார். எப்போது தும்மல் அதிகம்? விடியற்காலை, எழுந்ததும். மலையில் கொழுந்து எடுக்கும்போது? குறைவு. பனி மலையிலும்தானே இருக்கிறது? புஷ்பராணி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

முன்கையில் ஸ்கின் பிரிக் டெஸ்ட் செய்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பிரிட்டோனை நிறுத்தியிருக்க வேண்டும். அதையாவது நான் சரியாகச் செய்திருந்தேன். வரிசையாகச் சொட்டுகள் வைத்து ஊசி நுனியால் இலேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் ஓரிடம் மட்டும் நுளம்பு கடித்ததுபோல் தடித்து எழும்பியது. தூசிப்பூச்சி. ஆங்கிலத்தில் டஸ்ட் மைட். கண்ணுக்குத் தெரியாது. ஈரம் காயாத மெத்தையிலும் கம்பிளியிலும் இருந்துகொண்டு, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று பிழைக்கிறது. அது யாரையும் கடிப்பதுகூட இல்லை. அதன் எச்சத்தைச் சிலருடைய உடம்பு எதிரி என்று நினைத்துப் போருக்குக் கிளம்பிவிடுகிறது. தும்மலும் இளைப்பும் அந்தப் போர்தான்.

பிரிட்டோன் அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் அடக்கும், அவ்வளவுதான். நாக்கின் அடியில் சொட்டு மருந்து விடும் இம்யூனோதெரபி வேறு வேலை செய்கிறது. எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே துளித்துளியாகத் தினமும் கொடுத்து, இது எதிரியில்லை என்று உடம்பைப் பழக்குகிறது. மூன்று வருடமாவது எடுக்க வேண்டும். சில மாதங்கள் போனால்தான் குணம் தெரியும். இளைப்புக்கு இழுக்கும் இன்ஹேலர் பம்பையும் விடக் கூடாது. முதல் சொட்டைக் கிளினிக்கிலேயே விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வாய் அரித்தது, பிறகு அடங்கிவிட்டது.

"சொட்டு நாக்குக்கு அடியில ரெண்டு நிமிஷம் இருக்கணும். அதுக்குப் பிறகுதான் முழுங்கணும். உடனே முழுங்கினா பெரிசா பிரயோசனம் இல்ல" என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

3. கார்ப்பெட்டை அகற்றவும்

கையில் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் புஷ்பராணி அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைக்கவும். வெயிலில் நன்கு உலர்த்தவும். படுக்கையறையில் கார்ப்பெட் இருந்தால் அகற்றவும்.

"கார்ப்பெட்டுன்னா?"

"தரையில விரிக்கிறது. கம்பளம்."

"மிஸி, எங்க காம்பராவுல மழைக்கு வாளி வைக்கத்தான் தரை இருக்கு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா. தகரக் கூரையில் ஓட்டை. ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று. அடுப்பும் படுக்கையும் அதற்குள்ளேயே. ஆடி மாதத்தில் கம்பிளி காய ஒரு கிழமை ஆகும். கூரைத் தகரம் மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதங்கள் ஆபீஸ் பைலில் பத்திரமாக இருக்கின்றன. ஈரத்தில் குடிவைத்துவிட்டு, அந்த ஈரத்தால் வந்த வியாதிக்காக வேலையையும் பிடுங்கப் பார்க்கிற நியாயம் எந்த ஊர் நியாயம்?

மருந்தை அவள் தம்பி கொழும்பிலிருந்து அனுப்பி வைத்தான். அதைக் குளிரில் வைக்க வேண்டும். லயத்தில் பிரிட்ஜ் ஏது? டிஸ்பென்சரியில் என் சொந்தச் சிறிய பிரிட்ஜில் வைத்தேன். தினமும் ஆறரைக்குப் பேர் கூப்பிட்டு ஆளெடுக்கிற பெரட்டு. அதற்குச் சற்று முன்னால் வந்து சொட்டு விட்டுக்கொண்டு போகச் சொன்னேன். பெரட்டுக் களம் டிஸ்பென்சரிக்குக் கீழே, படியிறங்கினால் வந்துவிடும். அவளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்து மாதம் ஓடியது. தும்மல் குறையவில்லை. ஒரு நாள் மலையிலிருந்து இரண்டு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நெபுலைஸ் செய்து மூச்சு திரும்பிய பிறகு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நெசத்தச் சொல்லு. மருந்த ஒழுங்கா எடுக்கிறியா? ஒனக்காகத் தொரகிட்ட நான் கெஞ்சிட்டு வந்திருக்கேன். இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு!"

கூட வந்த லெச்சுமிதான் பேசினாள். பெரட்டில் புஷ்பராணிக்குப் பக்கத்தில் நிற்பவள்.

"அவளத் திட்டாதீங்க மிஸி. பிள்ளைங்களக் கெளப்பிட்டு ஓடியாந்து இங்க சொட்டு விட்டுட்டு எறங்குறதுக்குள்ள கண்டாக்கு ஐயா பேர் கூப்புட ஆரம்பிச்சிருவாரு. வாயத் தொறந்து 'இருக்கேங்க'ன்னு சொல்லணும். மொத வாரம் கையத் தூக்கிக் காட்டினா. திமிராடீன்னு கேட்டு ரெண்டு நாள் பேரில்லாம, சம்பளமில்லாம திருப்பி அனுப்பிட்டாரு. அதுல இருந்து படியிலயே முழுங்கிட்டுத்தான் ஓடுறா."

ஐந்து மாதம். தவறாமல் வந்து, வாய் திறந்து காட்டி, சொட்டு வாங்கி, படியிலேயே விழுங்கியிருக்கிறாள்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க கண்டாக்கு ஐயாகூடச் சண்டைக்குப் போவீங்க மிஸி. அப்பறம் எங்க தலையிலதான் விடியும்" என்றாள் புஷ்பராணி.

அவள் சொன்னது சரி. அன்று சாயங்காலமே சண்டைக்குப் போனேன். கண்டாக்கு என்பவர் மலை வேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். பெரட்டில் அவர் வைத்ததே சட்டம். "ஒரு ஆளுக்கு வளைஞ்சு குடுத்தா நாளைக்கு எல்லாம் வாயில எதையாவது போட்டுக்கிட்டு வந்து நிக்கும். எனக்கு டிஸிப்ளின் முக்கியம்" என்றார். தொரையிடம் போனேன். பெரட்டு கண்டாக்குவின் விஷயம் என்று அவர் போனை எடுத்துக்கொண்டார்.

4. பெரட்டு

புஷ்பராணியிடம் சொன்னேன். "விடு. நீ சாயங்காலம் கொழுந்த எடை போட்டுட்டு வா. நான் காத்திருந்து மருந்து தாறேன்."

நல்ல யோசனைதான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எத்தன நாளைக்கு மிஸி நாங்களே மாத்திக்கிறது? ரெண்டு நிமிஷம் வாயத் தொறக்காம நின்னா தோட்டம் ஓடிப் போயிருமா?"

மறுநாள் சொட்டு விட்டதும் நானும் அவளோடு படியிறங்கினேன். பனி மூட்டம். நாற்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். கண்டாக்கு பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"புஷ்பராணி!"

அவள் கையைத் தூக்கினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மருந்து இருக்கு. ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்றேன்.

"மிஸி, இது ஒங்க டிஸ்பென்சரி இல்ல. என் பெரட்டு. புஷ்பராணி பேரில்ல, வீட்டுக்குப் போ. லெச்சுமி!"

லெச்சுமி கையைத் தூக்கினாள். பேசவில்லை.

"லெச்சுமி!"

கை அப்படியே நின்றது. அடுத்த பேர். அதற்கும் கைதான். அதற்கடுத்த பேருக்கும் கைதான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டாள். கண்டாக்குவின் முகம் சிவந்துபோனது. நாற்பது பேரையும் திருப்பி அனுப்பினால் அன்றைக்குக் கொழுந்தே இல்லை. அதைத் தொரைக்கு அவர்தான் சொல்ல வேண்டும். லெட்ஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன்.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றேன்.

புஷ்பராணி விழுங்கினாள். "இருக்கேங்க" என்றாள். அதன் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கண்டாக்கு எல்லாருக்கும் பேர் போட்டார்.

அடுத்த நாளிலிருந்து அவர் புஷ்பராணியைக் கடைசியாகக் கூப்பிட்டார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பதினோராவதாக இருந்த பேர் நாற்பதாவதாகப் போனது. செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கெடு முடிந்த அன்று தொரை கடிதம் கேட்டார். கையெழுத்துப் போட மாட்டேன், மருந்து ஒரு மாதமாகத்தான் சரியாகப் போகிறது, அதற்கு முன்னால் போகாததற்கு உங்கள் பெரட்டும் என் கவனக்குறைவும் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டுத் தொரை மறுபடி கேட்கவில்லை. வருடம் திரும்புவதற்குள் புஷ்பராணி மாதத்தில் ஒரு நாள் இரண்டு நாள்தான் வேலைக்கு வராமல் இருந்தாள். பம்பு இழுப்பதும் அபூர்வமானது. கூரையில் மட்டும் அதே ஓட்டை.

மூன்று வருடம் முடிந்து சொட்டை நிறுத்தச் சொன்ன அன்று, கண்டி டாக்டர் அவளைப் பாராட்டினார். படித்தவர்களே பாதியில் விட்டுவிடுகிறார்கள், இவர் எப்படித் தொடர்ந்து எடுத்தார் என்று என்னிடம் கேட்டார். நான் அவளைக் கேட்டேன்.

"கடைசியா பேர் கூப்பிட்டாங்கன்னு சொல்லுங்க மிஸி."

சிங்களத்தில் அப்படியே சொன்னேன். டாக்டர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். மருந்துச் சீட்டில் 'காலை' என்று எழுதுவதற்கு முன்னால், காலையில் அந்த ஆள் எங்கே, யார் முன்னால் நிற்கிறார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட ஐந்து மாதமும் அவள் என் கண்ணெதிரே மூச்சுக்குத் திணறினாள், அதற்காக அவளையே நான் திட்டினேன்.