ஓங்கல் பாடு

முதலில் வலக்கை, பிறகு இடக்கை. படகில் ஏறுவதற்கு முன் மனோரமா அக்கா கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய வெள்ளைத் துண்டில் சுற்றி, காலித் தூக்குச்சட்டிக்குள் வைத்து மூடுகிறார். மீன் கூடையோடு கரையில் உட்கார்ந்திருக்கும் அம்மணி இதை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

“ஏன்டி, புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல வளையலக் கழட்றியே, நல்லாவா கீது?”

“அவரு உசுரு இன்னா என் வளையல்லயா கீது? டீக்கடைல சீட்டாடிக்கினு கீது. போய்ப் பாரு.”

வளையல் படகின் விளிம்பில் பட்டால் தண்ணீருக்குள் மத்தளம் அடித்த மாதிரி கேட்குமாம், ஓங்கல் திரும்பிவிடுமாம். உண்மைதானா என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். தெளிவாக எதுவும் கிடைக்கவில்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை.

நகரத்துக்காரர்கள் டால்பின் என்பதை இந்தக் கரை ஓங்கல் என்கிறது. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அவை மீனைத் துரத்திக்கொண்டு கூட்டமாக வருகின்றன. அவற்றோடு நீந்த வேண்டும் என்று பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். ஒரு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு மீஞ்சூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பயணிகளின் ஆங்கிலத்தை அக்காவுக்கும் அக்காவின் பேச்சைப் பயணிகளுக்கும் மாற்றிச் சொல்கிறேன். என் பெயர் தெரிந்தும் அவர் “டிகிரி” என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். பசியாவரம் தீவில் பிறந்தவர். பென்சிலுக்கு முன்பே துடுப்பைப் பிடித்துவிட்டதாகச் சொல்வார். முன்பெல்லாம் படகு ஓட்டியது கணவர் ஜெகதீஸ்வரன். வலை இழுக்கும்போது தோள்பட்டை விலகியதிலிருந்து அவரால் இன்ஜின் கயிற்றைச் சுண்டி இழுக்க முடியவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் படகு கரையில் கிடந்தது. பிறகு ஒரு காலை அக்கா தானே போய்க் கயிற்றை இழுத்தார். “மூணாவது இழுவைல புட்ச்சிக்கிச்சு. அவ்ளோதான் கத” என்பார்.

கதை அவ்வளவோடு முடியவில்லை. இந்த ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அது ஆண்களுக்கு மட்டும். பயணிகள் பெருகி, ஒரே ஓங்கல் கூட்டத்தைப் பல படகுகள் சூழ்ந்து மோதிக்கொண்டபோது, குப்பத்தார் ஓங்கலுக்கும் பாடு வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு படகு. முறை உள்ள படகில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழி நிற்கும். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சீட்டுக் குலுக்கும் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்று கேட்டாராம்: “வலப் பாடுல பொம்பளைக்குப் பங்கு இல்ல, சரி. ஓங்கப் பாடு நேத்து பொறந்தது. அதுல இல்லன்னு எவன் எப்ப சொன்னான்?” ஆட்கள் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பெயரும் குடத்துக்குள் விழுந்துவிட்டது.

சீட்டு ஆண்டுக்கு ஒருமுறை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் குலுக்கப்போகிறார்கள். அக்காவின் பெயர் குடத்துக்குள் போகுமா என்பதுதான் இப்போது கரையெல்லாம் பேச்சு. குப்பன் என்பவர் அவருடைய மாமனாரின் தம்பி. குப்பத்தில் பேச்சு எடுபடுகிற மனிதர். பயணிகளைப் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். “மனோ போட்டுல போறவன் பாதி நாளு நனையாம திரும்பறான். நம்ம பேரு கெடுது” என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லிவருகிறார்.

நனையாமல் திரும்புவது உண்மை. அக்கா ஓங்கலைத் துரத்தமாட்டார். தொலைவிலேயே இன்ஜினை நிறுத்தி, நங்கூரம் போட்டு, வலை மிதவைகள் கோத்த கயிற்றைத் தண்ணீரில் நீளமாக விடுவார். மிதவைச் சட்டை போட்ட பயணிகள் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். வந்தால் வரும். “கைய நீட்டாத. அதுங்க வூட்டுக்கு நீதான் விருந்தாளி” என்று படகிலிருந்தே அதட்டுவார். ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து வந்த கனத்த மனிதர் ஒருவரின் காதருகே, பஸ் கதவு திறக்கிற மாதிரி ‘புஸ்’ என்று ஒரு மூச்சு கேட்டது. சாம்பல் நிற முதுகு ஒன்று அவரை ஒட்டி எழுந்து வழுக்கிப் போனது. மேலே ஏறிய பிறகும் அவர் கயிற்றை விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் கூட்டத்தில் குட்டி இருந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. இது குப்பம் போட்ட கட்டுப்பாடு அல்ல, அக்கா போட்டது. “பச்ச ஒடம்புக்காரி கீற வூட்டுல பத்து பேரு போயி நிப்பானா?”

வியாழக்கிழமை அக்காவின் பாடு. புனேயிலிருந்து வந்த கணவனும் மனைவியும் படகில் இருந்தார்கள். டால்பினோடு நீந்துவதற்காகவே அந்தப் பெண் மூன்று கடற்கரைகளுக்குப் போய் ஏமாந்தவர். அன்று இரவு அவர்களுக்கு ரயில். நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். ஓங்கல்கள் தாமாகவே எங்களை நோக்கி வந்தன. அந்தப் பெண் ஒரு காலைப் படகுக்கு வெளியே போட்டுவிட்டார்.

“டிகிரி, எறங்க வேணாம்னு சொல்லு. குட்டி கீது.”

ஒரு பெரிய முதுகின் பக்கத்தில், அதோடு ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒன்று எழுந்து அமிழ்ந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரி நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன்.

“நான் சொன்னது ரெண்டு வார்த்த. நீ இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் பேசற? வேணாம்னு சொல்லு.”

சொன்னேன். இரண்டே நிமிடம் என்று அந்தப் பெண் கெஞ்சினார். குப்பனிடம் புகார் சொல்வோம் என்றார் கணவர். அதை நான் மழுப்பாமல் தமிழில் சொன்னேன். பிறகு மெதுவாக, “அக்கா, ஞாயித்துக்கெழமை கூட்டம்” என்றேன்.

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரும். இன்னிக்கி இன்னா கெழம? குந்து.”

பிறகு அவர் துடுப்பை எடுத்துத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கி, அதன் காம்பில் காதை வைக்கும்படி அந்தப் பெண்ணுக்குச் சைகை காட்டினார். ஏரியில் மீன் கூட்டத்தின் இரைச்சலை இப்படித்தான் கேட்பார்களாம். அந்தப் பெண் வேண்டாவெறுப்பாகக் காதை வைத்தார். சற்றுக் கழித்து அவர் கண்களை மூடிக்கொண்டார். கணவர் பேச வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தார். ஓங்கல்கள் கடல் பக்கம் நகரும்வரை துடுப்பை விடவில்லை.

கரை சேர்ந்ததும் கணவர் நேராகக் குப்பனிடம் போய், தண்ணீரில் இறங்கவே விடவில்லை என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“இன்னாம்மா மனோ, இன்னிக்கும் காஞ்ச கருவாடுதானா?” என்றார் குப்பன்.

அக்கா வளையல்களைத் தூக்குச்சட்டிக்குள்ளேயே கொட்டிவிட்டு, அவற்றைச் சுற்றியிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தன் படகிலிருந்த கழியைப் பிடுங்கினார். மறுநாள் பாடு குப்பனுடையது, கழி அவர் படகுக்குப் போக வேண்டும். முழங்கால் தண்ணீரில் நடந்து போய், அவருடைய படகின் முகப்பில் கழியை நட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கிழித்து, சிவப்புத் துணிக்குக் கீழே அந்த வெள்ளைத் துணியைக் கட்டினார்.

“மாமா, குட்டி கீது. நாளிக்கி ஆள எறக்காத.”

சிரிப்பு நின்றது. “இது இன்னா புதுசா?” என்றார் குப்பன்.

“ஓங்கப் பாடே புதுசுதான மாமா?”

குப்பன் தண்ணீரில் இறங்கி வந்து கழியைப் பிடித்தார். வெள்ளைத் துணியை அவிழ்க்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். “இது இன்னா முடிச்சு? காத்துக்கு நிக்குமா இது?” என்று முணுமுணுத்துக்கொண்டே அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். “மீதிய ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்” என்றார், யாரையும் பார்க்காமல்.

அக்கா அங்கே நிற்கவில்லை. தன் படகின் விளிம்பில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, கையைத் தண்ணீரில் நனைத்து, வளையல்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். முதலில் இடக்கை, பிறகு வலக்கை.