உப்பேறிய கிணறு

கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டால் இன்றும் என் நாக்கில் உப்புக் கரிக்கிறது. வெள்ளைக்காரர் காலம். மன்னாரில் என் வீட்டை ஒட்டிய சிறு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. தண்ணீர் என் பொறுப்பு.

அந்தக் கோடையில் கிணறு வற்றியது. வண்டித் தண்ணீர் வாங்க மனமில்லாமல் கிணற்றை ஆழமாக்கினேன். எங்கள் தீவில் நல்ல தண்ணீர் மணலுக்குள் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். அதற்குக் கீழே கடல். தெரிந்தும் தோண்டினேன். மறுநாள் ஊறியது உப்பு.

குடியிருந்த ஆயிஷா, கைக்குழந்தைக்காரி, ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

“இனிக் கறிக்கு உப்பு வாங்கத் தேவையில்லை.”

தண்ணீர் வண்டிக்காரரைத் தேடிப் போனேன். அதற்குள் அவருக்கு வேறு வீடுகள் வாய்த்துவிட்டன.

ஆயிஷா பள்ளிவாசல் கிணற்றிலிருந்து சுமந்தாள். ஒரு மாலை, ஒரு குடத்தை என் படியில் இறக்கினாள்.

“உங்களுக்கும் அந்த உப்புக் கிணறுதானே.”

வாடகை வாங்கும் நான் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்துக் குடித்தேன். அப்படி ஒரு ருசியை அதன்பின் நான் அறியவில்லை.

குழந்தையோடு எத்தனை நாள் சுமப்பாள்? முசலியில் இருந்த தன் உம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். கிணற்றைத் தூர்த்துவிடப் போகிறேன் என்றேன். வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“தூர்க்காதீங்கோ அண்ணன். ஒரு மழை பெய்யட்டும். குடிச்சுப் பாத்திட்டுச் சொல்லி அனுப்புங்கோ, வாறம்.”