அம்மா மண்டபத்தில் ஒரே ஒரு வாக்காளர்

ஐப்பசி விடியலில் காவேரியும் பனியும் ஒன்றாகிக் கிடக்கின்றன. ஸ்ரீரங்கம் நகரசபைத் தேர்தலில் நிற்கும் என் மாமாவுக்காகப் பேச நேற்றுத்தான் நாகப்பட்டினத்திலிருந்து வந்தேன். கடல் அலைகளுக்கு எதிரே நின்று குரல் பழகியவன் நான். அம்மா மண்டபத்துப் படித்துறையில் பெருங்கூட்டத்தைக் கண்டதும் மேல்படியில் நின்று, மக்கள் பிரதிநிதித்துவத்தின் மாண்பை அரைமணி நேரம் முழங்குகிறேன். ஈரப் புடவைகளும் மஞ்சள் பூசிய முகங்களும் பனிக்குள்ளிருந்து கைதட்டுகின்றன. என் கால்கள் தரையில் இல்லை.

கரையில் பரிசலை இழுத்துக் கட்டும் இளைஞர் ஒருவர் சிரிக்கிறார்.

"இவங்ககிட்டயா ஓட்டுக் கேட்டீங்க? எல்லாரும் துறையூர்க்காரங்க. துலாஸ்நானம் முடிஞ்சதும் வண்டி கட்டிடுவாங்க. இங்க ஓட்டு இருக்கறது எனக்கு மட்டுந்தான். நான் அக்கரையில ஆளை இறக்கிட்டு இப்பத்தான் வரேன், உங்க பேச்சுல கடைசிதான் காதுல விழுந்துச்சு."

"உங்களுக்காக மறுபடி பேசட்டுமா?"

"பேச்சு வேணாங்க. இந்தப் படிக்கு ஒரு விளக்கு வேணும். முந்தாநாள் இருட்டுல எங்கம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. இன்னும் காலை ஊன முடியல. உங்க ஆளு விளக்குப் போடுவாரா?"

என் உரையில் அறியாமை இருள் ஆறு முறை வந்தது. அறிவொளி அதைவிட அதிகம். விளக்கு ஒன்றுகூட இல்லை.

"நீங்களே வந்து மாமாகிட்ட கேளுங்க," என்று சொல்லி இறங்கும்போது பாசியில் சறுக்குகிறேன். அவர் கை என்னைப் பிடித்துக்கொள்கிறது.

மாமாவின் வீட்டுக்கு அவர்தான் முன்னே நடக்கிறார். நான் பின்னால், அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து.