‘தூரமா?’ என்று கேட்ட அக்கா

அறுபதுகளின் பின்பாதியில் ஒரு ஐப்பசி மாதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், அப்பா வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது, மகளுக்கு ஒன்றரை. கணவர் லண்டனில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குப் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. நாலு பேரோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டு, எங்களை அழைத்துக்கொள்ள வீடு தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அவரிடமிருந்து நீல நிறக் கடிதம் வந்தது. லண்டனுக்குள் குழந்தையோடு வருகிறவர்களுக்கு வீடு கொடுக்க மாட்டார்களாம். கொடுத்தாலும் நம்மால் கட்டுப்படியாகாதாம். அதனால் ரயிலில் வேலைக்குப் போய்வரும்படி வெளியூரில் இரண்டு இடம் பார்த்து வைத்திருந்தார். வரைபடம் போடுகிறவர் இல்லையா, கடிதத்திலேயே ரயில் பாதையை நேர்கோடாக இழுத்து இரண்டு புள்ளி வைத்திருந்தார்.

முதல் புள்ளி இருபது நிமிஷ தூரம். மாடியில் இரண்டு அறை. சமையலறை பொது. இன்னொரு அறையில் இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தோடு ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவது புள்ளி ஒன்றேகால் மணி நேரம். ஆனால் தனி வீடு, பின்னால் தோட்டம், வாடகையும் குறைவு. ‘உனக்கும் குழந்தைக்கும் எது தோதோ அதை எழுது. எனக்கு எதுவானாலும் சரி. ரயிலில் படிக்க நேரம் கிடைக்கும்’ என்று முடித்திருந்தார். பதில் உடனே வேண்டும், வீட்டுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று கீழே கோடு வேறு.

வீட்டில் அவற்றுக்குப் பக்கத்து ஊர், தூரத்து ஊர் என்று பெயர் வைத்துவிட்டோம். இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை.

என் மனசு கடிதத்தைப் படித்த உடனேயே தோட்டத்துக்குப் போய்விட்டது. அடுத்தவள் குழம்பு வைத்து முடிக்கும் வரை பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க நான் என்ன சத்திரத்திலா குடியிருக்கப் போகிறேன் என்று ஒரு திமிர். கறிவேப்பிலை விதை கொண்டு போகலாமா என்றுகூட அம்மாவிடம் கேட்டேன். அந்தக் குளிரில் கறிவேப்பிலை! அவ்வளவுதான் எனக்கு உலகம் தெரியும்.

இருந்தாலும் ஒன்றேகால் மணி நேரம் என்பது கொஞ்சம் உறுத்தியது. அதைக் கேட்பதற்கு எதிர்வீட்டில் சரியான ஆள் இருந்தார். தெருவில் எல்லோரும் அவரைச் சீசன் டிக்கெட்காரர் என்றுதான் சொல்வார்கள். பதினேழு வருஷமாகக் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் ரயிலேறி, செங்கல்பட்டில் மாறி, சென்னையில் ஆபீசுக்குப் போய் வருகிறவர். நெசவுக்காரத் தெருக்காரர்கள் தறிக்குப் போகும் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிச் சீர்பண்ண வருவதற்கு முன்பே தூக்குச் சட்டியோடு கிளம்பிவிடுவார். வேலை நாளில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் தெருவில் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்தார்.

“ஒண்ணேகால் மணியாம்மா? அது ஒரு தூரமா? நான் ரயில்ல குந்தினா நாலு பேரு சீட்டாடிக்கினு, பேப்பர் படிச்சிக்கினு, ஒரு தூக்கம் போட்டுட்டு எழுந்தா ஸ்டேஷன் வந்துடும். நேரம் போறதே தெரியாது. தோட்டத்தோட வூடு கெடைக்குதுன்னா கண்ண மூடிக்கினு எடுத்துக்க.”

அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அக்கா முறை வைத்துக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். மூன்று பிள்ளைகளை ஒண்டியாக வளர்த்தவள். அதிகம் பேச மாட்டாள். அன்று மட்டும் கதவோரம் நின்றுகொண்டு, “இல்லம்மா, கிட்ட இருக்கறது…” என்று ஆரம்பித்தாள்.

“உனக்கு இன்னா தெரியும்? நீ செங்கல்பட்ட தாண்டினது இல்ல” என்றார் அவர். அக்கா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பொறாமை என்று நினைத்தேன். இவள் இரண்டு அறை வீட்டில் கிடக்கிறாள், எனக்குத் தனி வீடு என்றதும் வயிறு எரிகிறது என்று. வீட்டுக்கு வந்து ‘தூரத்து ஊரையே எடுங்கள்’ என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஈரத் தெருவில் பாவு போட முடியாததால் ஈ காக்கை இல்லை. கடிதத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, குடையோடு தபாலாபீசுக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். வெகுநேரமாக நின்றிருப்பாள் போல, சேலையின் ஓரமெல்லாம் சாரல் நனைத்திருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே போறே’ என்று கேட்கக் கூடாது, காரியம் கெட்டுவிடும். கூப்பிட்டு நிறுத்தவும் கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று கேட்பார்கள். காசிக்கே கிளம்பியிருந்தாலும் ‘இல்ல, பக்கத்துலதான்’ என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். ரெண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

அக்கா என்னைப் பார்த்து ஒரு படி இறங்கினாள். “தூரமாம்மா?” என்றாள்.

“இல்லக்கா, பக்கத்துலதான்.”

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. “பக்கத்துலதானா? அப்பாடா. நல்லதும்மா. மகராசியா போய்ட்டு வா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தபாலாபீசுக்குப் போவதற்கு எதற்கு இவளுக்கு ஒரு அப்பாடா என்று தோன்றியது. தெரு திரும்பியதும் மறந்துவிட்டேன். கடிதத்தைப் பெட்டியில் போட்டேன்.

தை கழிந்ததும் போய்ச் சேர்ந்தோம். வீடு அவர் எழுதியது போலவேதான் இருந்தது. தோட்டமும் இருந்தது. ஆனால் ஒன்றேகால் மணி என்பது ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான் என்று போன மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு நடக்கிற நேரம், ரயிலுக்குக் காத்திருக்கிற நேரம், அந்தப் பக்கம் இறங்கிப் பஸ் பிடிக்கிற நேரம் எல்லாம் சேர்ந்தால் போகவே இரண்டரை மணி. சீசன் டிக்கெட்காரர் தூக்கத்தையும் சீட்டாட்டத்தையும் சொன்னார். தன் மனைவி எத்தனை மணிக்கு எழுந்து உலை வைத்தாள் என்பதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கணவர் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. குழந்தை இரண்டு வேளையும் தூங்கிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் அசதியில் படுத்திருப்பார், அவள் கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்துவிடுவாள். எனக்குப் பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் தனியாக இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதாவது சொல்வார். என் இங்கிலீஷை நினைத்து வெட்கப்பட்டு, சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் நான் ஏழு மாதக் கர்ப்பம். ஒரு காலையில், அவர் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் இருக்கும், வலி எடுத்தது. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. வீட்டில் போன் கிடையாது. மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து அந்த அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரிடம் எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. வயிற்றைத்தான் காட்டினேன். அவர்தான் ஆம்புலன்ஸை வரவழைத்தார். என் மகளைத் தன் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டார். அவள் இரண்டு நாள் அங்கேதான் இருந்தாள். அந்த அம்மாளை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

ஆபீசுக்குத் தகவல் போய், என் கணவர் உடனே கிளம்பியிருக்கிறார். பாதி வழியில் பனியில் ரயில் நின்றுவிட்டது. எல்லா ரயிலும் நின்றுவிட்டன. அவர் வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை.

பையன் பிறந்திருந்தான். ஒரே ஒரு பகல்தான் இருந்தான்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஷூவில் பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர். “அழுதானா?” என்று மட்டும் கேட்டார்.

“ஒரு தடவை” என்றேன். எனக்கு அந்த ஒரு சத்தமாவது கிடைத்தது. அவருக்கு அதுவும் இல்லை.

பிறகு ஒரு நாள் கேட்டேன், பக்கத்து ஊரே போதும் என்று நீங்கள் ஏன் அடித்துச் சொல்லி எழுதவில்லை என்று. “நீ தோட்டம்னு ஆசப்படுவேன்னு தெரியும்” என்றார். எனக்கு ஏன் ஆசைப்பட்டோம் என்று இருந்தது. அந்த வருஷமே அந்த மாடி அறைகள் மறுபடி காலியாக, பக்கத்து ஊருக்கு மாறினோம். அதே திருநெல்வேலிக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருந்தது. அந்தப் பெண் முதல் நாளே நான் சொல்லாமல் என் மகளுக்கும் சேர்த்து இட்லி ஊற்றினாள். ஒரே அடுப்பு. ஒரு நாள்கூட மனஸ்தாபம் வந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தங்கை கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் வந்தேன். கல்யாணச் சந்தடி ஓய்ந்ததும் எதிர்வீட்டுக்குப் போனேன். சீசன் டிக்கெட்காரர் ரிடையர் ஆகிவிட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தலை கூட நிமிராமல் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். பையனைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, என் கையை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அவரு ரயில்ல மாட்டிக்கினாருக்கா. தூரத்து ஊரு இல்லையா…” என்றேன்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“தூரத்து ஊருக்கா போன? பக்கத்துலதான்னு சொன்னியேம்மா!”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“அன்னிக்கி மழையில வாசல்ல நின்னுக்கினு இருந்தது உன்ன புடிச்சி சொல்லத்தான். அவரு எதிர்க்க வாயத் தொறக்க முடியல. நீ குடைய எடுத்துக்கினு வந்துட்ட. நல்ல காரியமா கெளம்பறவள நிறுத்தக் கூடாதேன்னுதான், அந்த ஊர மனசுல வச்சிக்கினு தூரமான்னு கேட்டேன். பக்கத்துலதான்னு சொன்ன. அப்பாடா, புத்திசாலிப் பொண்ணு, கிட்ட இருக்கறதயே எடுத்துடிச்சின்னு உள்ள போய்ட்டேன்.”

“நான் தபாலாபீஸச் சொன்னேன்க்கா.”

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நான் கல்யாண வீட்டுப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு அவளிடம் நான் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும். பொறாமைக்காரி என்று மனசுக்குள் சொல்லிவைத்திருந்தேனே, அவள் எனக்காகச் சாரலில் நின்றிருக்கிறாள்.

“என்ன சொல்ல நெனச்சீங்க?” என்று கேட்டேன். இனிமேல் கேட்டு என்ன பிரயோஜனம், ஆனாலும் கேட்டேன்.

அவள் முன்கட்டுப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ரயில்ல குந்தினு போறவருக்கு நேரம் போறது தெரியாதும்மா. வூட்ல இருக்கறவளுக்குத் தெரியும். இப்ப பாரு, பெரியவன் அப்பாவோட ஒண்ணா குந்தி சாப்பிட மாட்டேன்றான். யாரோ விருந்தாளி மாதிரி இருக்குதாம். அவருக்கும் அவன்கிட்ட இன்னா பேசறதுன்னு தெரியல. இதத்தாம்மா சொல்லலாம்னு நின்னேன்.”

நான் கிளம்பும்போதும் அவர் பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பக்கம்.

என் கணவரிடம் இதை நான் சொல்லவே இல்லை. ஒரு வார்த்தையில் தப்பியிருக்கலாம் என்று தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? எனக்குத் தெரிந்ததே போதும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யாரிடமாவது யோசனை கேட்க வேண்டுமென்றால், போய்வருகிறவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துவதில்லை. அவருக்காகக் காத்திருக்கிறவளையும் தேடிப் போய், தனியாக உட்கார்ந்து கேட்கிறேன்.

இப்போதும் காஞ்சிபுரம் போனால், வாசலைத் தாண்டும்போது யாராவது வழக்கம் போல “தூரமா?” என்று கேட்பார்கள். பக்கத்துலதான் என்ற வார்த்தை எனக்கு வாயில் வருவதில்லை. குடையை மடக்கிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து, போகிற இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.