அழகுராஜா கட்டிய இரண்டு கிலோ

உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றுக்குள் மோட்டார் விழுந்துவிட்டால் அழகுராஜாவைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பதடி இறங்கி, மோட்டாரில் கயிறு கட்டிவிட்டு வருவான். என் கிணற்றிலேயே இரண்டு முறை இறங்கியிருக்கிறான். அதனால் நார்வே நாட்டு மீன் பண்ணை வேலைக்குப் பயிற்சி எடுக்க என் கிணறு வேண்டும் என்று கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அங்கே கடல் ஐஸ் தண்ணீராம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடிக்க, உள்ளே ஒரு சொட்டுக்கூடப் புகாத உடையைப் போட்டுக்கொண்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்க வேண்டும். கற்றுக்கொடுக்க மதுரை காளவாசலிலிருந்து பவதாரிணி டீச்சர் வந்தார். மே மாத வெயிலில் உள்ளே கம்பளிச் சட்டை வேறு. தண்ணீரைத் தொடும் முன்பே மாப்ள அழகுராஜா வேர்வையில் குளித்துவிட்டான்.

பதினைந்தடி ஆழத்தில், சுவரைத் தொடாமல், ஏறாமல் இறங்காமல் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். அதுதான் தேர்வு. இவனோ பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்தான். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் மேலே தூக்கத்தானே செய்யும்? மூன்று நாளும் தக்கையாக மிதந்து வந்து, உடை சரியில்லை என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான்காம் நாள்தான் கடைசி. மறுநாள் டீச்சர் அந்தமான் போகிறார். சான்றிதழ் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. அன்று விறுவிறுவென்று இறங்கினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரை நிமிடத்தில் தண்ணீருக்கு மேலே இரண்டு கால்கள் மட்டும் வந்தன. பாதம் வரை காற்று புகுந்து ஊதிப்போய், வானத்தை உதைத்துக்கொண்டிருந்தன. கூடவே இறங்கியிருந்த டீச்சர்தான் உள்ளிருந்து அவனைப் புரட்டி நிமிர்த்திப் படிக்குக் கொண்டுவந்தார்.

அந்த நேரம் பார்த்து அவன் பெண்டாட்டி நாகஜோதி வண்டியில் வந்து இறங்கினாள். சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். நேராக என்னிடம் வந்தாள்.

“நல்லகாமண்ணே, என் ரெண்டு கிலோ படிக்கல்லக் காணோம். தக்காளி நிறுக்க முடியல. இவரு எடுத்தாரா?”

அழகுராஜா வானத்தைப் பார்த்தான். டீச்சர் அவன் இடுப்புப் பட்டையைத் தடவினார். துண்டில் சுற்றிய இரும்புக்கல் கையோடு வந்தது.

“எடை கூடுனா வேகமா இறங்குவீங்க. பயந்து நெஞ்சுப் பொத்தானை அமுக்கி, சிலிண்டர் காத்தை உடைக்குள்ள அடைப்பீங்க. அம்புட்டுக் காத்தும் காலுக்கு ஓடுனா தலைகீழாத்தான் வருவீங்க” என்றார் டீச்சர். “கல்லு வேண்டாம், நிறைய காத்தும் வேண்டாம். மூச்சை மட்டும் நிறுத்தாம விடுங்க. ஏறும்போது இடக்கையைத் தூக்குனா தோள் வால்வு வழியா காத்து வெளியேறிரும்.”

“தண்ணிக்குள்ள மூச்ச விட மனசு வரமாட்டேங்குது டீச்சர்.”

“குறட்டை விட மட்டும் மனசு வருதா?” என்றாள் நாகஜோதி. “அதே மாதிரி விடுங்க.”

கல்லை வாங்கிக்கொண்டவள் சந்தைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். தேறினால் டீச்சர் உள்ளிருந்து மூன்று முறை சுண்டுவார் என்று கயிற்றின் நுனியை நான் பிடித்திருந்தேன்.

மாப்ள டீச்சரோடு இறங்கினான். குமிழிகள் வந்தன, நின்றன, மறுபடி வந்தன.

“குறட்டையேதாண்ணே” என்று சிரித்தாள். ஆனால் கல்லை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கயிறு மூன்று முறை சுண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “பாஸாயிட்டான்மா. இனி மூணு வருசம் நார்வேதான்” என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

“போதும்ணே. மேல வரச் சொல்லுங்க” என்றாள்.

கயிற்றை இழுத்தேன். மெதுவாகத்தான் வந்தான், சொல்லிக்கொடுத்தபடியே. இந்த முறை முதலில் தெரிந்தது அவன் இடக்கை. நாகஜோதி கல்லை வைத்துவிட்டு, படியில் இறங்கி, புடவை நனைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கைய விடு நாகு, ரப்பரு கழுத்தப் பிடிக்குது. கழட்டணும்” என்றான்.

அவள் விடவில்லை.