அம்மா படிக்கப் போன விடுமுறை

பள்ளிக்கூட விடுமுறைக்கு ஊர்ப்பிள்ளைகளின் தாய்மாரெல்லாம் வீட்டிலிருக்க, என் அம்மா மட்டும் பஸ் ஏறி வவுனியாவுக்குப் படிக்கப் போனார். வட்டக்கச்சியில் எங்கள் குடியேற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியை அவர். ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு என்று ஐயா, என் தகப்பனார், விளக்கித்தான் பார்த்தார். யார் கேட்டார்கள்? படிப்பிக்கத் தெரிந்தவள் எதற்குத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது வாய்க்காலில் குளிக்க வருகிறவர்களின் நியாயம். "ரீச்சருக்கே படிப்பு ஏறேல்லையாம்!" என்று என்னைக் கண்டதும் சிரிப்பார்கள். வகுப்பில் முதலாம் பிள்ளை நான். என் மானமே போயிற்று.

எல்லாரிலும் பெரிதாகச் சிரித்தவர் மாமாதான், அம்மாவின் சொந்த அண்ணன். அவருடைய மகள், என் மச்சாள், வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பாள். என்ன செய்தும் அவளுக்கு எழுத்துக் கூட்ட வராது. புத்தகத்தைத் திறந்தாலே கண் கலங்கிவிடும். இவளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்து வயலில் குருவி கலைக்க விடுவதென்று மாமா முடிவு கட்டியிருந்தார்.

அம்மா திரும்பி வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும், அவருடைய பிரம்பு அலுமாரிக்கு மேலே போயிற்று. புத்தகமும் மூடியபடி கிடந்தது. மச்சாளைக் கிட்டக் கூப்பிட்டு, "குருவி எப்பிடிக் கலைக்கிறனி? சொல்லு பாப்பம்" என்றார். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காதவள் மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினாள். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே அம்மா கரும்பலகையில் பெரிதாக எழுதினார்.

அந்த நேரம் பார்த்து, மகளைக் கூட்டிப்போக மாமா சேற்றுக்காலோடு வந்து வாசலில் நின்றார்.

"இதை எழுதத்தானோ வவுனியாவுக்குப் போனனீ? படிப்பிக்கத் தெரியாதெண்டு ஒத்துக்கொள்ளன்!"

"ஓம் அண்ணை. இவளுக்கு எப்பிடிப் படிப்பிக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அதுக்குத்தான் போனனான்."

ஐயோ, இல்லையென்று சொல்லித் தொலைக்கக் கூடாதா! நான் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

மச்சாள் பலகையில் விரல் வைத்து வாசித்தாள். "தகரம் தட்டினாக் குருவி ஓடும். கிளி ஓடாது. கிளிக்கு ஐயா ஏச வேணும்."

வகுப்பே சிரித்தது.

"பாடமாக்கிச் சொல்லுறாள்" என்றார் மாமா. அம்மா அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்களைக் கேட்டார். மச்சாள் ஒவ்வொன்றையும் பிழையில்லாமல் தொட்டாள்.

மாமா கிட்ட வந்து பலகையைப் பார்த்தார். "என்னைப் பற்றியும் கிடக்கோ?" என்று கேட்டார். பிறகு தனியே வயலுக்குப் போனார். அன்று முழுக்க அவரே தகரம் தட்டினார். மச்சாள் அதன் பிறகு ஒருநாளும் மறிக்கப்படவில்லை.

அடுத்த விடுமுறைக்கும் அம்மா பெட்டி அடுக்கினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குப் படிப்பிக்கேக்க உங்களுக்கு ஒரு பயிற்சியும் தேவைப்படேல்லையே?" என்று கேட்டேன்.

"உனக்கு ஆரும் படிப்பிக்கலாம், பிள்ளை" என்றார் அம்மா சிரித்துக்கொண்டு.

அவர் வவுனியாவிலிருந்து திரும்பி வரும்வரைக்கும், அம்மா என்னைப் புகழ்ந்த புகழ்ச்சியை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.