ஒன்பதாம் குழியின் மாதிரி

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் ரப்பருக்குக் கேட்பாரில்லை. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என்னை ஈயம் தேடும் வேலைக்கு மாற்றினார்கள். புக்கிட் செலம்பாவுக்குப் பின்னால் மலையடியில் பன்னிரண்டு சோதனைக் குழிகள் வெட்டியிருந்தோம். ஒவ்வொரு குழி மண்ணையும் டூலாங் தட்டில் அலசி, அடியில் தங்கும் ஈயக் கருமணலை நிறுத்து எழுத வேண்டும். அந்த அளவைப் பார்த்துத்தான் லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், திறப்பதா வேண்டாமா என்று ஜப்பானிய சர்வேயர் முடிவு செய்வார்.

எந்தக் குழியிலும் ஒரு சிட்டிகைக்கு மேல் தேறவில்லை. வெட்டுக்காரன் மாரியப்பன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணே, லம்பம் இல்லன்னா நம்ம நாப்பது பேரையும் சயாம் ரயில் வேலைக்கு ஏத்திருவான்லா. பக்கத்துத் தோட்டத்துல போனவன் ஒருத்தனும் திரும்பல. கொஞ்சம் கூட்டிக் காட்டுங்க."

கைவிட்ட பழைய லம்பத்திலிருந்து கருமணல் அள்ளி வந்தேன். அதை எந்தக் குழியின் மண்ணில் கலப்பது? சர்வேயர் மறுபடி ஆள் இறக்கிச் சோதிக்க முடியாத குழியாக இருக்க வேண்டும். ஒன்பதாம் குழி வெட்டி முடித்த மறுநாளே காற்று கெட்டுப்போயிருந்தது. வாளியில் மெழுகுவத்தி வைத்து இறக்கினால் பாதியிலேயே அணைந்துவிடும். மற்ற குழிகளில் குரல் கொடுத்தால் திரும்பி வரும். அது விழுங்கிக்கொள்ளும். ஆட்கள் அதன் நம்பரைக்கூடச் சொல்வதில்லை, "அது" என்பார்கள். அந்தக் குழி மண்ணிலேயே கலந்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது அவ்வளவுகூட ஓடவில்லை. சர்வேயர் தட்டைப் பார்த்து "பாகூஸ்" என்று மலாயில் மெச்சினார். லம்பத்தை அங்கேயே தொடங்கச் சொல்லிவிட்டார். ஈயம் அதிகமுள்ள இடத்தில்தானே வெட்டுவார்கள்? மடையனான எனக்கு அது தோன்றவே இல்லை.

எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் காட்டி, மெழுகுவத்தியை இறக்கினோம். அன்று சுடர் அணையவில்லை. அடிவரை போய் ஆடாமல் எரிந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இறங்காதே என்று சொன்னால் காரணம் கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

"சாமி வழி விட்டுருச்சுண்ணே" என்று மாரியப்பன் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் வாளியைத் தூக்க வேண்டும். கயிறு என் கையில் இருந்தது. இரண்டு இழுப்பு, ஒரு வாளி மண் வந்தது. மறுபடி இரண்டு, அடுத்த வாளி. மூன்றாவதும் அப்படியே வந்தது. பிறகு கயிறு அசையவில்லை. கூப்பிட்டோம், பதில் இல்லை. ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவனைக் கட்டி அனுப்பினான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வந்து தொட்டுப் பார்த்தார். "கை காலெல்லாம் வெறச்சுப் போச்சே. செத்துப் பல மணி நேரம் ஆயிருக்கும். காலையிலயே எறங்கிட்டானா?"

"இப்பத்தான்யா எறங்குனான். கடைசி வாளி வந்து கால்மணிகூட ஆகல" என்றேன்.

அவர் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

மூன்று வாளி மண்ணையும் அலசினேன். ஈயம் துளியும் இல்லை. சர்வேயர் வருவதற்குள் மடியிலிருந்த கருமணலை மறுபடியும் தூவினேன். சண்டை முடியும்வரை தூவிக்கொண்டே இருந்தேன். மிச்சம் முப்பத்தொன்பது பேரும் சயாமுக்குப் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் மாரியப்பன் பெண்சாதி கேட்டாள். "அவரு எறங்குன எடத்துல நெறய இருந்துச்சாண்ணே?"

"நெறய இருந்துச்சும்மா" என்றேன்.

பிறகு முப்பது வருஷம் பல லம்பங்களில் மாதிரி எடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. குழியின் அளவை எழுதுகிறவன் எவனோ, அவன் முதலில் இறங்கட்டும். அன்று நான் மேலே நின்றேன்.